ஓரிடமும் இருவரும்

ஓரிடத்துக்கு இருவர் வந்து நிற்கின்றனர், இருவரும் தகுதியுடையவர், ஒருவரைத்தான் ஏற்கலாம். யாரை ஏற்பது? மனிதர் கூடித் தொழில் செய்யத் தொடங்கிய நாளிலிருந்தே இவ்வினா இருந்துவருகின்றது. தகுதியுடையான் ஒருவன், தகுதியிலான் ஒருவன் என்றால் தெரிவு செய்வோனுக்குத் தொல்லையில்லை. தகுதியுடையார் இருவர் எதிர்நிற்கும்போதுதான் அவனுடைய அறிவும் நெஞ்சும் ஒருங்கே சோதனைக்குள்ளாகின்றன. அலுவலகங்களிலும் சங்கங்களிலும் இச்சோதனை மூடிய கதவுக்குப் பின்னால் நடந்து முடிந்துவிடும். விளையாட்டுக் களத்திலோ அது ஊரறிய நடக்கின்றது. ஆதலால் அக்களத்தை முன்வைத்து இவ்வினாவை ஆராய்வது ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் பயன் தருமென எண்ணுகின்றேன்.

பதினொருவர் கொண்ட கிரிக்கெட் அணியில் துடுப்பாட்ட வீரர் இருவர் சமமாக நின்றால் இருவரையும் சேர்த்துக்கொள்ளலாம். பந்துவீச்சாளர் இருவர் நின்றால் ஒருவர் ஒரு முனையிலும் மற்றவர் மறுமுனையிலும் வீசலாம். விக்கெட் காப்பாளர் மட்டும் ஒருவரே. கையுறையோடு இருவர் நிற்க ஆட்டத்தின் விதி இடங்கொடாது. அமெரிக்கக் கல்லூரிகளில் ஆடப்படும் அந்நாட்டு உதைபந்தாட்டத்திலும் இத்தகைய ஓரிடம் உண்டு. குவாட்டர்பேக் என்று அதனை அழைப்பர். பெயர் உதைபந்தாட்டமாயினும் பந்து பெரும்பாலும் கையிலேதான் செல்லும். ஒவ்வொரு நகர்வின் தொடக்கத்திலும் பந்தைப் பெற்று, அதனை யாருக்கு எறிவது, யார் கையில் கொடுப்பது, தானே கொண்டோடுவதா என்று ஓரிரு நொடிக்குள் முடிவு செய்பவன் அவன். அவ்விடத்துக்கு நல்ல வீரர் இருவர் அமைந்துவிட்டால் கல்லூரி மட்டுமன்றி ஊரும் இரு கட்சியாகப் பிரிந்து வழக்காடும்.

இவ்வழக்கில் எனக்கும் ஒரு பங்குண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகின்றேன். நிவித்திகலப் பகுதியில், தேயிலைக்கும் இறப்பருக்கும் இடையே, சரிவை வெட்டிச் சமன் செய்த சிறு திடலைக் கொண்ட தமிழ்ப் பாடசாலை ஒன்றில் நான் கற்பித்த காலம். பந்து ஒரு புறம் போனால் இறப்பர் மரங்களுக்குள்ளும் மறுபுறம் போனால் ஓடைக்குள்ளும் விழும். அணிக்கு ஒரே ஒரு சோடிக் கையுறை இருந்தது. அதனை அணிவதற்கு மாணவர் இருவர் இருந்தனர். ஒருவன் நான்கு ஆண்டுகள் அவ்விடத்தில் நின்றவன். அவன் பந்தைத் தவறவிட்டதை நான் அரிதாகவே கண்டிருக்கின்றேன். மற்றவன் பின்வந்தவன். கையில் அத்துணை நயமில்லை. ஆனால் மட்டையைப் பிடித்தானாயின் எதிரணியின் திட்டம் குலைந்துவிடும். எமது அணியில் ஓட்டம் பெறுவார் குறைவு. ஆகவே பின்வந்தவனையே எடுத்தேன். பட்டியலைச் சுவரில் ஒட்டிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டேன். அவ்வாண்டு அணி முன்னைய ஆண்டினும் நன்றாகவே ஆடிற்று. அத்தெரிவு சரியானதென்றே இன்றும் கருதுகின்றேன்.

இடம் இழந்தவன் இரண்டு மாலைகள் திடலுக்கு வந்து எல்லைக் கோட்டருகே நின்றான். மூன்றாம் நாள் வரவில்லை. சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குச் சென்றுவிட்டான். அணியில் இடம் போனதால்தான் படிப்பும் போயிற்று என்று நான் சொல்லமாட்டேன். அவனது வீட்டு நிலைமைக்கு அதைவிட வலிய காரணங்கள் இருந்தன. ஆயினும் சில மாதங்கழித்துக் கொழுந்து மடுவத்தருகே அவன் தந்தையாரைக் கண்டபோது அவர் சொன்னது இன்னும் என் காதில் நிற்கின்றது. "எடுக்கல்லேன்னு கோவமில்ல சேர். ஏன் எடுக்கல்லேன்னு ஒரு வார்த்த அவன்கிட்ட சொல்லியிருந்தீங்கன்னா புள்ள மனசு ஆறியிருக்கும்." என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. அன்று தொடங்கிய யோசனையின் பயனே இக்கட்டுரை.

தெரிவு சரியாக இருந்தும் தெரிவு செய்தவன் பிழை செய்திருக்கக்கூடுமா? கூடும் என்பதே என் கருத்து. அதனை நிறுவுவதற்கு, தமிழ் இரசிகர்கள் நெடுநாள் வழக்காடிய ஒரு தெரிவை எடுத்துக்கொள்வோம்.

2004ஆம் ஆண்டில் இந்திய அணி நிலையான விக்கெட் காப்பாளர் ஒருவரைத் தேடிக்கொண்டிருந்தது. 2002இல் 17 வயதிலேயே டெஸ்ட் களம் புகுந்த பார்த்திவ் பட்டேலிடமிருந்து கையுறை கைமாறும் வேளை அது. சென்னையிற் பிறந்த தினேஷ் கார்த்திக் 2004 செப்டெம்பரில் லோர்ட்ஸ் திடலில் தமது முதல் ஒருநாள் போட்டியையும், நவம்பரில் மும்பை வான்கடே திடலில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராகத் தமது முதல் டெஸ்ட் போட்டியையும் ஆடினார். அப்போது அவருக்கு வயது 19. அவ்வாண்டு டிசெம்பரில் சிட்டகொங் நகரில் வங்காளதேசத்துக்கு எதிராக ராஞ்சியைச் சேர்ந்த மகேந்திர சிங் தோனி முதன்முறையாக ஒருநாள் அணியில் இறங்கினார். ஓட்டமெதுவும் பெறாமலே ரன் அவுட் முறையில் ஆட்டமிழந்தார். அன்றைய கணக்கை மட்டும் நோக்கியவர்கள் கார்த்திக்கின் இடம் உறுதியென்றே எண்ணியிருப்பர்.

அடுத்த ஆண்டு கணக்கு மாறிற்று. 2005 ஏப்ரிலில் விசாகப்பட்டினத்தில் பாகிஸ்தானுக்கு எதிராகத் தோனி 148 ஓட்டங்கள் பெற்றார். ஒக்டோபரில் ஜெய்ப்பூரில் இலங்கைக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 183 ஓட்டங்கள் பெற்றார். அந்நாளை எம் நாட்டு இரசிகர் எளிதில் மறக்கமாட்டார். கார்த்திக்கோ முதற் பத்து டெஸ்ட் போட்டிகளில் ஒருமுறை மட்டுமே ஐம்பதைக் கடந்தார். அது கொல்கத்தாவில் பாகிஸ்தானுக்கு எதிராகப் பெற்ற 93. 2005 டிசெம்பர் 2ஆம் திகதி இலங்கைக்கு எதிராகத் தொடங்கிய டெஸ்ட் போட்டியில் கையுறை தோனியிடம் சென்றது. அப்போட்டி நடந்த இடம் சென்னைச் சேப்பாக்கம். கார்த்திக்கின் சொந்த ஊரிலேயே அவருடைய இடம் மற்றவருக்குக் கைமாறியது. முதல் மூன்று நாட்களும் மழையிற் கழிந்தன. பின்னர் கிடைத்த சிறு பொழுதில் தோனி 30 ஓட்டங்கள் பெற்றார்.

இத்தெரிவை எதிர்த்தோர் கூறிய நியாயங்கள் மூன்று. முன்வந்தவர் கார்த்திக், ஆகவே அவருக்கு இன்னும் சில போட்டிகள் கொடுத்திருக்க வேண்டும் என்பது ஒன்று. பந்தைப் பற்றும் கைநயத்தில் அவர் குறைந்தவரல்லர் என்பது மற்றொன்று. நம்மவர் என்ற உரிமை மூன்றாவது. மூன்றையும் ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முன்வந்தமை ஒரு தகுதியாகுமா? வரிசையில் நின்று அரிசி வாங்கும் இடத்தில் ஆகும். அணியில் ஓரிடம் என்பது கடந்த உழைப்புக்குக் கொடுக்கும் கூலியன்று. வரப்போகும் பணிக்கு ஒப்படைக்கும் பொறுப்பு. கடந்த உழைப்பு அப்பணியை ஒருவன் செய்வானா என்பதற்குச் சான்றாகலாம். அதற்கு மேல் அதற்கு வலுவில்லை. கைநயம் பற்றிய நியாயம் மதிக்கத்தக்கது. விக்கெட் காப்பாளனின் முதற்கடமை பந்தைப் பற்றுவதே. ஆயினும் அணி ஒன்றுக்கு அன்றைய நாளில் எது குறையோ அதனை நிறைப்பவனே அன்றைய நாளில் வேண்டப்படுபவன். இலக்கணப்படி யார் சிறந்தவர் என்ற வினாவும், இவ்வணிக்கு இன்று யார் வேண்டும் என்ற வினாவும் ஒன்றல்ல. தெரிவாளன் விடை சொல்லவேண்டியது இரண்டாவது வினாவுக்கே.

நம்மவர் என்ற நியாயத்துக்குச் சென்னையே மறுமொழி கொடுத்துவிட்டது. 2008இல் ஐ.பி.எல். போட்டிகள் தொடங்கியபோது சென்னை அணியின் தலைமையை ஏற்றவர் தோனி. அவர் தலைமையில் அவ்வணி 2010, 2011, 2018, 2021, 2023 ஆகிய ஐந்து ஆண்டுகளில் கிண்ணம் வென்றது. ராஞ்சிக்காரரைச் சென்னை மக்கள் 'தல' என்று கொண்டாடினர். சென்னையிற் பிறந்த கார்த்திக் ஐ.பி.எல். அணிகள் பலவற்றில் ஆடியும் சென்னை அணிக்காக ஒருமுறையேனும் ஆடவில்லை. ஊர்ப்பற்று என்பது எத்துணை விரைவில் தன் பொருளை மாற்றிக்கொள்ளும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை. அதனை நம்பித் தெரிவு செய்பவன் ஆற்று நீரில் கோடு கிழிப்பவனாவான்.

ஆகவே தோனியைத் தெரிந்தது சரியே. 90 டெஸ்ட் போட்டிகளும் 350 ஒருநாள் போட்டிகளும் அதற்குச் சான்று. 2011 ஏப்ரில் 2ஆம் திகதி மும்பையில் எமது அணிக்கு எதிரான உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் அவர் பெற்ற 91 ஓட்டங்களும் சான்று. ஆனால் இங்கே நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறொன்று. இந்தியத் தெரிவாளர் கார்த்திக்கை இடம் மாற்றினரேயன்றித் தூக்கி எறிந்துவிடவில்லை.

2006 டிசெம்பரில் ஜொகன்னஸ்பேர்க்கில் இந்தியா தன் முதலாவது சர்வதேச இருபது ஓவர் போட்டியை ஆடியபோது ஆட்டநாயகனாகத் தெரிவானவர் கார்த்திக். 2007 சனவரியில் கேப் டவுன் டெஸ்ட் போட்டிக்கு முன் தோனி காயமுற்றபோது கையுறையை ஏற்றதோடு தொடக்க வீரராகவும் இறங்கி 63 ஓட்டங்கள் பெற்றார். அவ்வாண்டு இங்கிலாந்தில் நடந்த டெஸ்ட் தொடரில் தோனி விக்கெட் காக்க, கார்த்திக் தொடக்கத் துடுப்பாட்ட வீரராக 263 ஓட்டங்கள் பெற்றார். இந்திய அணியில் அத்தொடரில் அதிக ஓட்டம் பெற்றவர் அவரே. 1986க்குப் பின் இங்கிலாந்து மண்ணில் இந்தியா வென்ற முதல் டெஸ்ட் தொடரும் அதுவே. கையுறையை இழந்தவர் வேறொரு கருவியோடு அதே அணிக்குப் பயன்பட்டார்.

2018 மார்ச் 18ஆம் திகதி கொழும்பு பிரேமதாச திடலில் நடந்ததை எம்மவர் பலர் கண்ணாரக் கண்டனர். இலங்கை சுதந்திரம் பெற்ற எழுபதாம் ஆண்டை ஒட்டி நடந்த நிதஹாஸ் கிண்ணத் தொடரின் இறுதியாட்டம். தோனிக்கு அத்தொடரில் ஓய்வு கொடுக்கப்பட்டிருந்தது. வங்காளதேசத்துக்கு எதிராக இந்தியாவுக்கு 12 பந்துகளில் 34 ஓட்டங்கள் வேண்டியிருந்த வேளையிற் கார்த்திக் இறங்கினார். இறுதிப் பந்தில் ஐந்து ஓட்டங்கள் தேவை. அப்பந்து எல்லைக் கோட்டைத் தாண்டி விழுந்தது. எட்டுப் பந்துகளில் அவர் பெற்றவை 29 ஓட்டங்கள். பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் கையுறையை இழந்தவர் அன்று ஒரு கிண்ணத்தையே கையிற் கொடுத்தார். அவ்வாண்டு ஜூன் மாதத்தில், எட்டு ஆண்டுகளின் பின், டெஸ்ட் அணியிலும் அவருக்கு மீண்டும் இடம் கிடைத்தது. 2019 ஜூலையில் மன்செஸ்டரில் நடந்த உலகக் கிண்ண அரையிறுதி ஆட்டத்தில் தோனியும் கார்த்திக்கும் ஒரே அணியில் ஆடினர். இருவருக்கும் அதுவே இறுதி ஒருநாள் போட்டியாயிற்று.

இனி எம் நாட்டு அணியை நோக்குவோம். 1992இல் கொழும்பு எஸ்.எஸ்.சி. திடலில் தமது முதல் டெஸ்ட் போட்டியிலேயே அவுஸ்திரேலியாவுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 132 ஓட்டங்கள் பெற்றவர் ரொமேஷ் களுவிதாரண. 1996இல் உலகக் கிண்ணம் வென்ற அணியின் விக்கெட் காப்பாளரும் அவரே. 2000ஆம் ஆண்டில் குமார் சங்கக்கார வந்தார். அதே ஆண்டில் பிரசன்ன ஜயவர்தனவும் டெஸ்ட் அணிக்கு வந்தார். பல ஆண்டுகள் இவ்விடம் குறித்து வாதம் நடந்தது. ஓட்டம் பெறுவதிற் சங்கக்காரவுக்கு நிகரில்லை. கைநயத்திற் பிரசன்னவே மேலானவர் எனக் கூறுவார் பலர்.

தெரிவாளர் இறுதியிற் கண்ட விடை எளியது. சங்கக்காரவின் மட்டைக்கு அணியில் இடம் எப்போதும் உண்டு. டெஸ்ட் போட்டிகளிற் கையுறையைப் பிரசன்னவுக்குக் கொடுத்துவிடலாம் என்பதே அது. 2006 ஜூலையில் எஸ்.எஸ்.சி. திடலில் தென்னாபிரிக்காவுக்கு எதிராகச் சங்கக்கார 287, மஹேல ஜயவர்தன 374 எனப் பெற்று, இருவருமாக 624 ஓட்டங்கள் சேர்த்த அவ்வாட்டத்தில் விக்கெட் காத்தவர் பிரசன்ன. கையுறையோடு ஆடிய டெஸ்ட் போட்டிகளிற் சங்கக்காரவின் சராசரி 40 அளவில் நின்றது. கையுறையின்றி ஆடியவற்றில் 66ஐக் கடந்தது. மூன்று ஓவர் கழியுமுன் களமிறங்க வேண்டிய ஒருவர் நாள் முழுதும் குனிந்து நிமிர்ந்த களைப்போடு இறங்கிக்கொண்டிருந்தார் என்பதைப் பின்னர்தான் கணக்கு எமக்குக் காட்டிற்று. இவ்விருவருள் யார் என்று கேட்டவரை விடை கசப்பாகவே இருந்தது. இவ்விருவரையும் எங்ஙனம் பயன்கொள்ளலாம் என்று கேட்டபோது அணியே வளர்ந்தது.

எப்போதும் இவ்வாறு இருவரையும் வைத்துக்கொள்ள இயலுமா எனின், இயலாது. அமெரிக்க உதைபந்தாட்டத்தின் ஓரிடம் அத்தகையது. 2018 சனவரி 8ஆம் திகதி அட்லாண்டா நகரில் அலபாமாப் பல்கலைக்கழகமும் ஜோர்ஜியாப் பல்கலைக்கழகமும் தேசியக் கிண்ணத்துக்காக மோதின. அலபாமாவின் குவாட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸ். இரண்டு பருவங்களில் அவர் தொடக்கத்திலிருந்து ஆடிய ஆட்டங்களுள் இரண்டில் மட்டுமே அவ்வணி தோற்றிருந்தது. அன்றோ இடைவேளையின்போது அலபாமா 13க்கு 0 எனப் பின்தங்கி நின்றது. பயிற்றுநர் நிக் சேபன் ஹர்ட்ஸை அமர்த்திவிட்டு, ஹவாய்த் தீவிலிருந்து வந்த முதலாண்டு மாணவர் துவா தகோவைலோவாவை இறக்கினார். மேலதிக நேரத்தில் துவா எறிந்த நீண்ட பந்து கிண்ணத்தைக் கொண்டுவந்தது. 26க்கு 23. அடுத்த பருவம் முழுதும் இடம் துவாவுக்கே.

அதே ஆண்டு டிசெம்பர் 1ஆம் திகதி, அதே அட்லாண்டாத் திடலில், அதே ஜோர்ஜியாவுக்கு எதிராக அலபாமா மீண்டும் ஆடிற்று. துவா காயமுற்று வெளியேறினார். அணி ஏழு புள்ளிகள் பின்தங்கியிருந்தது. பருவம் முழுதும் ஒதுங்கியிருந்த ஹர்ட்ஸ் எழுந்து வந்தார். ஆட்டத்தைச் சமன் செய்தார். பின் தாமே பந்தைக் கொண்டோடி வெற்றிப் புள்ளியையும் பெற்றார். 35க்கு 28. சனவரியில் அமர்த்தப்பட்டவரே டிசெம்பரில் காத்தார். அவர் பயிற்சியை விடாது செய்துவந்ததும், அணி அவரைத் தன் ஆளாகவே வைத்திருந்ததும் இதற்குக் காரணம். பின்னர் அவர் ஒக்லஹோமாப் பல்கலைக்கழகத்துக்கு மாறிச் சென்றார். பிலடெல்பியாத் தொழின்முறை அணியிற் சேர்ந்தார். 2025 பெப்ரவரியில் அந்நாட்டின் மிகப் பெரிய ஆட்டமாகிய சூப்பர் போலை வென்று ஆட்டநாயகன் விருதும் பெற்றார்.

விடப்பட்டவனை மதித்து வைத்திருத்தல் இரக்கத்தின்பாற்பட்டது என்று மட்டும் எண்ணுவார்க்கு இந்நிகழ்ச்சி ஒரு பாடம். அது அணியின் நலத்தின்பாற்பட்டதும் ஆகும். தெரிவு என்பது இன்றைய அறிவைக் கொண்டு செய்யப்படுவது. நாளை யாருக்குக் காயம் வரும், யார் தளர்வார், யார் எழுவார் என்பதை எத்தெரிவாளனும் அறியான். இரண்டாமவனைத் தொலைத்துவிட்டவன் தன் தெரிவு ஒருபோதும் பிழைக்காது என்று இறுமாந்தவனாவான்.

திருக்குறளிற் பொருட்பாலின் அதிகார வைப்பைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் ஒன்றைக் கவனித்திருப்பர். ஆளை ஆராய்ந்து தெளிவதைச் சொல்லும் 'தெரிந்து தெளிதல்' 51ஆம் அதிகாரம். தெளிந்தவனைப் பணியில் அமர்த்தி ஆளுவதைச் சொல்லும் 'தெரிந்து வினையாடல்' 52ஆம் அதிகாரம். அவற்றை அடுத்து நிற்பது 'சுற்றந்தழால்'. அது சுற்றத்தாரைப் பற்றியதே. அணித் தெரிவைப் பற்றியதன்று. ஆயினும் பிரிந்து சென்று மீள்வாரையும் தழுவிக்கொள்ளுமாறு அங்கே கூறப்படுவதை இவ்வரிசையில் வைத்துப் படிக்கும்போது எனக்கு ஒன்று தோன்றுகின்றது. தெரிதலும் ஆளுதலும் செய்பவனுக்குத் தழுவுதலும் ஒரு கடமை. நான் முதலிரண்டையும் செய்தேன். மூன்றாவதை விட்டேன்.

இங்கேதான் எம் தோட்டப் பாடசாலைகளின் நிலைமை வேறுபடுகின்றது. கார்த்திக் இந்திய அணியில் இடமிழந்த நாட்களில் அவருக்குத் தமிழ்நாட்டு அணி இருந்தது. ஹர்ட்ஸுக்கு ஒக்லஹோமா இருந்தது. பெரிய நகரக் கல்லூரி மாணவனுக்கு இரண்டாம் அணி உண்டு, கழகம் உண்டு, அடுத்த தெருவில் வேறொரு திடல் உண்டு. இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டமொன்றில் வளரும் பையனுக்கு ஒரு பாடசாலை, ஓரணி, ஒரு சோடிக் கையுறை. அந்தக் கதவு மூடினால் மறுகதவு எங்கே என்று அவனுக்குத் தெரியாது. எனவே, நகரத்து ஆசிரியர் சுவரில் ஒட்டும் பட்டியலும் நாம் ஒட்டும் பட்டியலும் ஒரே பட்டியலல்ல. நம்முடையது கனமானது. அதனை ஒட்டும் கை அக்கனத்தை அறிந்திருத்தல் வேண்டும்.

காரணம் சொல்லப் புகுந்தால் வழக்குகள் பெருகும் என்று அஞ்சுவாருமுளர். பெற்றோர் வந்து நிற்பர். மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு என்று பேச்சு எழும். ஆசிரியருக்கு வேறு வேலையில்லையா என்பர். அச்சம் பொய்யன்று. ஆனால் காரணம் சொல்லாதவிடத்துப் பேச்சு எழாமலா இருக்கின்றது? ஆசிரியன் சொல்லாத காரணத்தை ஊர் தானே படைத்துக்கொள்ளும். அவ்வாறு படைக்கப்படும் காரணம் உண்மையினும் பன்மடங்கு கொடியதாகவே இருக்கும். 'உன் கை நல்ல கை. ஆனால் இவ்வாண்டு எமக்கு ஓட்டம் வேண்டும்' என்ற சொல்லைக் கேட்கும் பையனுக்கு வருத்தம் வரும். 'நீ இன்னாருடைய மகன், அதனால்தான் விட்டார்' என்று திண்ணையிற் கேட்கும் பையனுக்கு வருவது வெறுப்பு. முன்னது ஆறும்; பின்னது வளரும்.

விளையாட்டுக்கு இத்தனை பெருமை ஏன் என்று கேட்பார்க்கும் ஒரு சொல். அணியில் இடம் பெறுவதும் இழப்பதும் ஒரு பிள்ளை உலகத்தின் நீதியை முதன்முதலாகத் தொட்டுப் பார்க்கும் இடங்களுள் ஒன்று. விவாத அணிக்கும் நாடகத்துக்கும் மாணவத் தலைமைக்கும் இது பொருந்தும். அங்கே காரணத்தோடு நடத்தப்பட்டவன் நாளை தொழிற்சங்கத்திலோ அலுவலகத்திலோ தான் தெரிவு செய்யும் நிலைக்கு வரும்போது காரணத்தோடு நடப்பான்.

செய்யத்தக்கவை பெருஞ் செலவு பிடிப்பவையல்ல. ஆளைத் தெரிவதற்கு முன் எதனைத் தேடுகின்றோம் என்பதை அறிவித்துவிடலாம். ஓட்டமா, கைநயமா என்று மாணவர் முன்னரே அறிந்திருப்பர். பட்டியல் சுவருக்குப் போகுமுன் இடமிழந்தவனைத் தனியே அழைத்துக் காரணத்தையும், அவன் எதிற் சிறக்க வேண்டும் என்பதையும் சொல்லலாம். நட்புமுறை ஆட்டங்கள் மூன்றில் ஒன்றையேனும் அவனுக்குக் கொடுக்கலாம். சங்கக்காரவுக்கும் கார்த்திக்குக்கும் கிடைத்ததுபோல் வேறொரு பணியில் அவனைப் பழக்கிப் பார்க்கலாம். சிறிய பாடசாலைகளில் இரண்டாம் அணிக்குப் பதினொருவர் சேரமாட்டார் எனின், நிவித்திகல, கலவான, இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டப் பாடசாலைகள் இரண்டு மூன்று சேர்ந்து ஓரணி அமைக்கலாம். ஒவ்வொரு பாடசாலையிலும் விடப்பட்டவர்கள் அங்கே முதல்வராவர். இம்மண்ணில் மாணிக்கம் தேடுவோர் ஒருமுறை அரித்துக் கொட்டிய கல்லை மறுமுறை அரிப்பதும் உண்டு. அவர்களுக்குக் கல்லின்மேல் உள்ள பொறுமை எமக்குப் பிள்ளைகள்மேல் இருக்கலாகாதா?

கொழும்புக்குச் சென்றவன் தீபாவளிக்கு ஊர் வரும்போது லயத்துக்கு முன்னாலுள்ள வெளியில் டென்னிஸ் பந்தோடு ஆடுவதாகக் கேள்வி. கையுறையில்லாமல் விக்கெட்டுக்குப் பின்னாலேதான் நிற்பானாம். அடுத்த முறை வரும்போது சென்று காணவேண்டும். காலம் கடந்ததாயினும் காரணத்தைச் சொல்லிவிட வேண்டும்.

இவ்வாண்டுப் பட்டியல் என் மேசைமேல் இருக்கின்றது. ஓரிடத்துக்கு மீண்டும் இரண்டு பெயர்கள். முதற் பெயருக்கு நேரே குறி இட்டாயிற்று. இரண்டாவது பெயருக்கு நேரே இம்முறை ஒரு வரி எழுதி வைத்திருக்கின்றேன். நாளைக் காலை பட்டியலை ஒட்டுமுன் அதனை அவனிடம் சொல்லப்போகின்றேன்.